வரிசை கலையாமல் பெட்டிக்குள்: சாக்லேட் பேக்கிங் குறித்து வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பெங்களூரின் சிறு உணவுத் தொழிற்கூடங்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, சாக்லேட் தயாரிப்பவர்களிடமிருந்தும் அக்கூடங்களில் வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் பல கேள்விகள் வந்தன. தனித்தனியாக உறை சுற்றிய சாக்லேட்டுகளை இயந்திரத்தைக் கொண்டு பேக் செய்வது பற்றியே பெரும்பாலோர் கேட்டிருந்ததால், இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் பகுதியின் பெயர் மட்டும் குறிக்கப்பட்டுள்ளது.

கேள்வி (பீனியா): எங்கள் கூடத்தில் ஒரு ஷிஃப்டில் 300 கிலோ சாக்லேட் வார்க்கிறோம். ஒவ்வொரு துண்டும் 10 கிராம். 14 பெண்கள் கையால் உறை சுற்றி, 20 துண்டுகள் கொண்ட பரிசுப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் செலவாகிறது. நிமிடத்துக்கு 600 துண்டுகள் சுற்றும் இயந்திரத்தையும் கேமராவுடன் கூடிய இரண்டு ரோபோக்களையும் 1 கோடியே 60 லட்சத்துக்குத் தருவதாக ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் உற்பத்தி இரட்டிப்பாகும். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் கணக்கைப் பார்ப்போம். 300 கிலோ என்பது 30,000 துண்டுகள். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, தேநீர், இயந்திரத்தைத் துடைத்தல் எல்லாம் போக 420 நிமிடம் ஓட்டம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 71 துண்டுகள்தான் உங்கள் தேவை. எந்த இயந்திரமும் நாள் முழுவதும் நிற்காமல் ஓடாது. ஃபிலிம் ரோல் மாற்றுவதற்காக நிற்கும், துண்டு மாட்டிக்கொண்டு நிற்கும், உறை கோணலான சிலவற்றைக் கழிக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு நான்கில் ஒரு பங்கை ஒதுக்கினாலும் 95 போதும். பண்டிகைக் காலத்து இரட்டிப்பையும் ஒரே ஷிஃப்டில் முடிக்க விரும்பினால் 190 தேவைப்படும். ஆகவே நிமிடத்துக்கு 200 வரை ஓடக்கூடிய சாதாரண ஃப்ளோ ராப் (ஃபிலிமைக் குழாய்போல மடித்து, இரு முனைகளையும் ஒட்டி வெட்டும்) இயந்திரமே உங்களுக்கு நிறைவானது. 600 துண்டு இயந்திரத்தை வாங்கினால், உங்கள் மோல்டிங் பிரிவால் தர முடியாத சாக்லேட்டுக்காக அது நாளில் பெரும்பகுதி காத்துக்கிடக்கும்.

வேகத்தைக் காட்டிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசையை. மோல்டைத் தட்டிக் கவிழ்க்கும் அந்த நொடியில் உங்கள் சாக்லேட்டுகள் ஒரே முகமாக, ஒரே இடைவெளியில், நேர்க்கோட்டில் நிற்கின்றன. அதன் பிறகு அவற்றை அள்ளி டப்பில் கொட்டுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து தெரிகிறது. கையால் சுற்றுபவருக்கு அதனால் நட்டமில்லை, ஏனென்றால் அவருடைய கண்ணும் விரலும் ஒவ்வொரு துண்டையும் தானாகவே திருப்பிப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்துக்கு அது முடியாது. டப்பில் கொட்டிக் கலைத்த அதே வரிசையைத் திரும்பப் பெறுவதற்குத்தான் அதிரும் தட்டுகளும் கேமராவும் ரோபோவும் உங்களுக்கு விற்கப்படுகின்றன. விலைப்பட்டியலில் பெரும்பங்கு, உங்கள் கூடமே இலவசமாகத் தரும் ஒழுங்கை மறுபடி உண்டாக்குவதற்கான விலை. போதாக்குறைக்கு, அதிரும் தட்டில் உரசும் சாக்லேட் தன் பளபளப்பை இழந்துவிடும்.

எனவே டப்பைக் கைவிடுவதே முதல் வேலை. மோல்டிலிருந்து விழும் வரிசைகளை அப்படியே ஒரு பெல்ட்டில் வாங்கி, அடுத்தடுத்த பெல்ட்டுகளின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வரிசைகளுக்கு இடையே இடைவெளி உண்டாகும். பிறகு ஒவ்வொரு வரிசையையும் பெல்ட்டின் மேலேயே செங்கோணத்தில் திருப்பி ஒற்றைக் கோடாக்கி ஃப்ளோ ராப் இயந்திரத்தின் ஊட்டுப் பாதைக்குள் விடலாம். வார்க்கும் நேரமும் சுற்றும் நேரமும் பொருந்தாத கூடங்களில், சாக்லேட்டுகளை அதே வரிசையில் தட்டையான தட்டுகளில் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, ஓட்டும்போது தட்டோடு பெல்ட்டில் சரிக்கலாம். இதற்குத் தேவை நல்ல ஃபிட்டர் ஒருவரும் சில மோட்டார்களும் சில சென்சார்களும் மட்டுமே. பீனியாவில் இவை எதற்கும் நீங்கள் வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை.

உறை சுற்றி வெளியே வரும்போதும் இதே விதி பொருந்தும். துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைத் தொட்டியில் விழ விடாமல், ஒரு தடுப்புக் கதவால் நான்கு நான்காக நிறுத்துங்கள். நான்கு உறிஞ்சு கிண்ணங்கள் கொண்ட எளிய இரட்டை அச்சுக் கை (இரண்டு திசைகளில் மட்டும் நகரும் இயந்திரக் கை) ஒன்று அந்த நான்கையும் ஒரே மூச்சில் எடுத்துப் பெட்டியின் குழிகளில் வைத்துவிடும். நிமிடத்துக்கு 95 துண்டுகள் என்றால் அந்தக் கை 24 முறை போய் வந்தால் போதும். அதே 95 துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதானால்தான் ரோபோவும், அது எங்கே கிடக்கிறது என்று பார்க்கக் கேமராவும் தேவைப்படும். பண்டிகைக் காலத்தில் இரண்டு ஷிஃப்ட் ஓட்டுவீர்களானால் இந்த வேகத்தையும் கூட்ட வேண்டியதில்லை.

முதலீட்டையும் இதோடு ஒப்பிடுங்கள். 14 பேரில் 8 பேரின் வேலை குறைந்தாலும் உங்களுக்கு ஆண்டுக்கு மிச்சம் 17,28,000 ரூபாய். 1 கோடியே 60 லட்சத்தை அதனால் வகுத்தால் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வட்டியும் மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் இதில் சேரவில்லை. சுற்றும் இயந்திரத்தையும் ஊட்டுப் பெல்ட்டையும் மட்டும் முதலாண்டில் வாங்குங்கள். பெட்டியில் அடுக்குவது அந்த ஆண்டு கையாலேயே நடக்கட்டும். எந்த இடத்தில் தேங்குகிறது என்பதை ஒரு தீபாவளிப் பருவம் உங்களுக்குத் தெளிவாகக் காட்டிவிடும்.

இன்னொரு செய்தியையும் விற்பனையாளர்கள் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. சுற்றும் இயந்திரத்துக்கும் அடுக்கும் கைக்கும் நடுவே, குறைந்தது இரண்டு நிமிட உற்பத்தியைத் தாங்கும் இடம் விட வேண்டும். உங்கள் வேகத்தில் அது சுமார் 190 துண்டுகள். அந்த இடம் இல்லாவிட்டால், ஓர் அட்டைப்பெட்டி கோணலாக வந்ததற்காகக் வார்த்த சாக்லேட்டைக் குளிர்விக்கும் கூலிங் டனல் வரைக்கும் எல்லாம் நிற்கும்.

கேள்வி (ஜிகணி): எங்கள் ஃப்ளோ ராப் இயந்திரம் சூட்டினால் ஒட்டும் வகை. மார்ச், ஏப்ரலில் இயந்திரம் நின்று மீண்டும் ஓடும்போதெல்லாம் முதல் சில துண்டுகள் இளகி உறையில் ஒட்டிக்கொள்கின்றன. சூடு இல்லாமல் ஒட்டும் ஃபிலிம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கு மாறினால் இது தீருமா?

பதில்: பெருமளவு தீரும். சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் நன்கு பதப்படுத்தப்பட்ட நிலையில் 34 டிகிரிக்கு அருகில் உருகுகிறது. அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். இயந்திரம் ஓடும்போது சூடான ஜா (உறையை அழுத்தி ஒட்டும் தாடை) ஒவ்வொரு உறையின் முனையையும் நொடியின் சிறு பங்கு நேரம்தான் தொடுவதால் உள்ளே இருக்கும் துண்டுக்குச் சூடு எட்டுவதில்லை. நின்றுவிட்டால் ஜாவுக்கு அருகில் இருக்கும் துண்டு அங்கேயே வேகிறது. நிற்கும்போது ஜா தானாக விரிந்து விலகும்படி உங்கள் இயந்திரத்தில் அமைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பல இயந்திரங்களில் இது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலிலேயே இருந்தும் யாரும் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள்.

கோல்டு சீல் எனப்படும் ஃபிலிமில், ஒட்டும் விளிம்புகளில் மட்டும் இயற்கை ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்ட பசை பூசப்பட்டிருக்கும். அது தன்னோடு தானே அழுந்தும்போது மட்டும் ஒட்டும். மற்றவற்றில் ஒட்டாதபடி ஃபிலிமின் மறுபக்கத்தில் விலக்குப் பூச்சு ஒன்று இருக்கும். சூடு தேவையில்லாததால் நின்றாலும் சாக்லேட்டுக்குக் கேடில்லை, வேகத்தையும் கூட்டலாம். ஆனால் இந்தப் பசைக்கு ஆயுள் உண்டு. ரோலை வாங்கிய தேதியைக் குறித்து, பழையதை முதலில் எடுத்து, சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். தகரக் கூரைக் கிடங்கில் மே மாதம் முழுவதும் கிடந்த ரோல் ஒட்டவில்லை என்று இயந்திரத்தைப் பழி சொல்வது வழக்கமாகிவிட்டது. ரோலின் விலையும் கூடுதல் என்பதால், சாக்லேட்டின் நீளத்துக்கும் பசை பூசிய இடத்துக்கும் பொருத்தமான அளவைச் சரியாக முடிவு செய்த பிறகே பெரிய ஆர்டர் கொடுங்கள்; துண்டின் அளவை மாற்றினால் பசை பூசிய ரோல் முழுவதும் வீணாகும்.

ஜா அழுத்தம் போதாமலும், சாக்லேட் தூள் விளிம்பில் படிந்தும் ஒட்டாமல் போவதுண்டு. தூள் வருவது துண்டுகள் ஒன்றோடொன்று இடிப்பதால். மேலே பீனியா வாசகருக்குச் சொன்னதைப் போல வரிசையைச் சரிசெய்தால் அதுவும் குறையும்.

ஜூன் மாதம் மழை பிடித்ததும் உங்களுக்கு வேறொரு தொல்லை வரக்கூடும். அறையின் வெப்பம் 24 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 19 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். கூலிங் டனலிலிருந்து 14 டிகிரியில் வெளிவரும் சாக்லேட் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு உறைக்குள் போய், சர்க்கரை கரைந்து மீண்டும் படிந்து, சில வாரங்களில் வெள்ளை பூத்து நிற்கும். பேக்கிங் அறையை 20 டிகிரியிலும் ஈரப்பதத்தை 55 சதவீதத்துக்குள்ளும் வைத்தால் பனித்துளி படியும் நிலை ஏறக்குறைய 11 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அந்த 14 டிகிரிச் சாக்லேட்டுக்கு ஆபத்தில்லை. பெங்களூரில் குளிரூட்டியே தேவையில்லை என்ற பழைய பெருமையை இந்த அறையில் மட்டும் மறந்துவிடுவது நல்லது.

கேள்வி (சிவாஜிநகர்): வீட்டிலேயே சிறிய அளவில் சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். இரண்டு முனைகளையும் முறுக்கிய உறைதான் வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது. ட்விஸ்ட் ராப் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: முறுக்குறை காற்றுப் புகாத உறை அல்ல. கெட்டியான சர்க்கரை மிட்டாய்க்கு அது போதும். சாக்லேட்டுக்கு வேற்று மணமும் ஈரமும் எறும்பும் உள்ளே போக வழி இருக்கிறது. உள்ளே அலுமினியத் தாளைச் சுற்றி அதன்மேல் முறுக்கினால் ஓரளவு காக்கும். முறுக்கிய பின் மீண்டும் விரியாத செல்லோஃபேன் அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட ஃபிலிம்தான் இதற்கு ஆகும், சாதாரண பாலிப்ரொப்பிலீன் விரிந்துவிடும். இந்த வகை இயந்திரங்கள் ஒரே வடிவத்தையும் ஒரே அளவையும் எதிர்பார்ப்பவை. வீட்டுத் தயாரிப்பில் வடிவங்கள் அடிக்கடி மாறும் என்பதால் உங்களுக்கு இப்போது இயந்திரம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி (யஷ்வந்தபுரம், பொறியியல் மாணவி): பேக்கிங் கூடங்களில் சிலந்தியைப் போல மேலிருந்து தொங்கும் ரோபோ, சாக்லேட்டுக்காகவே உருவாக்கப்பட்டது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான். 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரேமோன் கிளவேலும் அவருடைய குழுவினரும், ஒரு சாக்லேட் கூடத்தில் பணியாளர்கள் பிராலின் (உள்ளே பூரணம் வைத்த) சாக்லேட்டுகளைக் கையால் எடுத்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்த பிறகு, எடை குறைந்த பொருளை மிக விரைவாக எடுத்து வைக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சிந்தித்தார்கள். அதன் விளைவே டெல்டா ரோபோ. 1987இல் டெமோரே என்ற சுவிஸ் நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்றுப் பேக்கிங் தொழிலுக்காகத் தயாரிக்கத் தொடங்கியது. 1999இல் கிளவேலுக்குத் தங்க ரோபோ விருது வழங்கப்பட்டது.

அதன் நுட்பம் எளிமையானது. வழக்கமான கை வடிவ ரோபோக்களில் ஒரு மூட்டின் மோட்டாரை முந்தைய மூட்டு சுமக்க வேண்டும்; கை நீள நீள அதன் எடையும் கூடும். டெல்டாவில் மூன்று மோட்டார்களும் மேலேயுள்ள அசையாத சட்டத்தில் இருப்பதால், அசைவது மெல்லிய கைகளும் அவை பிடித்திருக்கும் சிறு தகடும் மட்டும்தான். ஒவ்வொரு கையின் கீழ்ப்பாதியும் இணைகர வடிவில் இருப்பதால், தகடு எங்கே போனாலும் சாயாமல் சட்டத்துக்கு இணையாகவே நிற்கும். பிராலின் தலைகீழாகவோ கோணலாகவோ போகாது. துண்டைத் திருப்பி வைக்க வேண்டுமானால் நடுவில் நான்காவதாக ஒரு சுழல் தண்டு சேர்ப்பார்கள்.

பீனியா வாசகருக்கு ரோபோ வேண்டாம் என்று சொன்ன நானே இங்கே அதைப் புகழ்வதாக உங்களுக்குத் தோன்றலாம். ஒரே பெட்டியில் பல வகைப் பிராலின்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவக் குழி, வகைகளோ பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன என்ற நிலையில் தடுப்புக் கதவும் இரட்டை அச்சுக் கையும் தடுமாறும். டெல்டாவின் இடம் அங்கேதான். ஒரே வகைத் துண்டு ஒரே திசையில் வரும் கூடத்தில் அதன் திறமைக்கு வேலையில்லை. உங்கள் இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்துக்கு ரோபோவையே எடுக்க வேண்டும் என்றில்லை. கலைந்த துண்டுகளை ஒற்றைக் கோடாக்கும் பெல்ட் அமைப்பை எடுத்துக்கொண்டாலும் இந்த நகரத்தில் அதற்குப் பயன் உண்டு.

கேள்வி (பொம்மசந்திரா): அலுமினியத் தாள் சுற்றிய சாக்லேட்டுகளை மெட்டல் டிடெக்டர் ஒன்றுவிடாமல் ஒதுக்கித் தள்ளுகிறது. உணர்திறனைக் குறைத்து வைத்து ஓட்டுகிறோம். சரியா?

பதில்: சரியில்லை. அந்த நிலையில் அது அலங்காரப் பொருள். மெட்டல் டிடெக்டர் மின்காந்தப் புலத்தில் ஏற்படும் மாறுதலைப் பார்க்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் அலுமினியத் தாள் தரும் பெரிய சமிக்ஞைக்குள் ஒரு சிறு எஃகுத் துகளின் சமிக்ஞை மறைந்துவிடும். கருவியை உறை சுற்றுவதற்கு முன்னால், மோல்டிலிருந்து வரும் பெல்ட்டில் வையுங்கள். துண்டுகள் வரிசையாக வரும் இடம் அதுதான் என்பதால் ஒதுக்கித் தள்ளுவதும் எளிது. இரும்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஆகிய மூன்று சோதனைத் துண்டுகளாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரிபார்க்க வேண்டும். மூன்றில் துருப்பிடிக்காத எஃகுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. உறை சுற்றிய பிறகே சோதிக்க வேண்டும் என்று உங்களிடம் வாங்குபவர் கேட்டால், அடர்த்தி வேறுபாட்டைப் பார்க்கும் எக்ஸ்ரே கருவிதான் வழி. மெல்லிய அலுமினியத் தாள் அதற்குத் தடையாகாது. உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக் ஃபிலிமில் உலோகப் படலம் மிக மெல்லியது என்பதால், அதை உணர்திறனில் சிறிது இழப்போடு டிடெக்டரிலேயே சமாளிக்க முடியும்.

கேள்வி (காமனஹள்ளி): 10 கிராம் துண்டுகள் 20 போட்டு 200 கிராம் பவுச்சாக விற்கிறோம். பல தலைகள் கொண்ட எடை இயந்திரம் வேண்டுமா, எண்ணினாலே போதுமா? உறையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடலாமா?

பதில்: பல தலை எடை இயந்திரம் ஒரு நல்ல கண்டுபிடிப்பு. ஜப்பானின் இஷிடா நிறுவனம் 1972இல் குடைமிளகாயை எடை போடுவதற்காக உருவாக்கியது அது. ஒரு குடைமிளகாய் இன்னொன்றின் இரு மடங்கு எடை இருக்கலாம் என்பதால், பத்துத் தலைகளில் வெவ்வேறு அளவு காய்களை இட்டு, 1,023 சேர்க்கைகளில் குறித்த எடைக்கு மிக அருகில் வருவதைக் கணினி தேர்ந்தெடுக்கும். மோல்டில் வார்த்த உங்கள் துண்டுகளிலோ பெரிய வேறுபாடு இருக்க முடியாது. துண்டுக்குத் துண்டு சாதாரணமாக 0.3 கிராம் ஏறி இறங்கினாலும், 20 துண்டுகள் சேரும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் பவுச்சின் எடை ஏறக்குறைய 1.3 கிராம்தான் ஏறி இறங்கும். எண்ணிப் போட்டு, கடைசியில், பெல்ட்டில் ஓடும்போதே எடை பார்க்கும் கருவி ஒன்றில் சரிபார்த்தால் போதும். ஒரு துண்டு குறைந்தால் 10 கிராம் குறையும் என்பதால் அந்தக் கருவி அதைத் தவறாமல் பிடித்துவிடும்.

சட்டப்படியான எடையளவு (பொதியப்பட்ட பொருள்கள்) விதிகள், 2011இன்படி 200 கிராம் பொதியில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்சப் பிழை 4.5 சதவீதம், அதாவது 9 கிராம். இதைக் கேட்டவுடன் 9 கிராம் குறைத்துக் கட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு தொகுதியின் சராசரி எடை, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உறையின் எடை பொதுவாக நிகர எடையில் சேராது. ஆனால் தனித்தனியே சுற்றிய சிறு மிட்டாய் வகைகள் பல அடங்கிய பொதியில், உறைகளின் எடையைப் பிரித்துக் கழிப்பது நடைமுறைக்கு ஒத்துவராதபோது அதைச் சேர்த்துக்கொள்ள ஒரு விதிவிலக்கு உண்டு: மெழுகுத்தாளோ அலுமினியத் தாள் அடியில் வைத்த தாளோ என்றால் உறைகளின் எடை 8 சதவீதத்தையும், மற்றத் தாள் என்றால் 6 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

நான் இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். 9 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர் ஃபிலிம், சதுர மீட்டருக்கு 40 கிராம் என்றால் ஓர் உறை கால் கிராம், 20 உறைகள் 5 கிராம். அந்த 5 கிராமையும் பவுச்சின் எடையையும் கருவியில் கழிவாக ஒருமுறை பதிந்துவிட்டால் ஆய்வாளர் எப்போது வந்தாலும் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி (மல்லேஸ்வரம்): பரிசுப் பெட்டிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றும் இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில், இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் ஃபிலிமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. விலை குறைந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெட்டி பிரிக்கப்படவில்லை என்று காட்ட, மூடியின் விளிம்பில் ஒட்டும் காகித முத்திரையே போதும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): நான் பல ஆண்டுகளாகச் சாக்லேட் சுற்றும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கூடத்துக்கு இயந்திரம் வரப்போகிறதாம். எங்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? இருப்பதற்கு நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், ஐயா?

பதில்: உறை சுற்றும் கைவேலை பெரும்பாலும் போய்விடும்; அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, அம்மா. ரோல் மாற்றுவது, எங்கே வெட்டுவது என்று காட்ட ஃபிலிமில் அச்சிட்ட ஐ-மார்க் அடையாளத்தைச் சென்சார் சரியாகப் படிக்கிறதா என்று பார்ப்பது, ஒட்டிய முனையைப் பிரித்துச் சோதிப்பது, மாட்டிய துண்டை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுவது, பல வகை கலந்த பெட்டிகளை அடுக்குவது ஆகியவை மீதமிருக்கும். எந்தத் தொகுதி இளகலாக இருக்கிறது, எது ஓரம் உடையும் என்பதைத் தொட்ட மாத்திரத்தில் அறியும் உங்களைப் போன்றவர்கள் இந்த வேலைகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆபரேட்டரைவிடப் பொருத்தமானவர்கள் என்பதை முதலாளிகள் பலர் இயந்திரம் வந்த பிறகுதான் உணர்கிறார்கள்.

இயந்திரத்தைத் தயாரித்தவரின் இடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஏற்புச் சோதனைக்கு உங்கள் பிரிவிலிருந்து ஒருவரையாவது அழைத்துப்போகும்படி கேளுங்கள். திரையில் வரும் எச்சரிக்கைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் அமைத்துத் தரும்படியும் கேட்கலாம். இப்போதைய திரைகள் பலவற்றில் அது இயலும், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் செலவும் சிறிதுதான். ஜாவின் பற்களும் கத்தியும் விரலைப் பார்க்காது. மூடியைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். அந்த சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றி ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஆள்குறைப்பை உண்டாக்கக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரை ஆள்குறைப்பில் அனுப்பினால், ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கு ஈடான ஊதியமும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடுகள், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. சம்பளச் சீட்டுகளையும் வருங்கால வைப்புநிதிக் கணக்கின் விவரத்தையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, உங்கள் பிரிவு முழுவதும் செய்த வேலைக்கு இயந்திரம் வந்ததும் இருவர் போதும் என்று உங்கள் முதலாளியிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் பண்டிகைக் காலத்துக் கூடத்தைப் பார்க்காதவராக இருக்க வேண்டும்.

கேள்வி (அல்சூர்): இங்கே உப்பலாகக் கட்டி அனுப்பும் பவுச்சுகள் சென்னைக் கடைகளில் சப்பிக் கிடக்கின்றன. உதகைக்கு அனுப்பியவை சில வெடித்தே விட்டன. ஒட்டுவதில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் உயரத்தால் வருவது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. இங்கே அடைத்த காற்று சென்னையில் அந்த அளவு சுருங்கும். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் உதகையில் ஆறில் ஒரு பங்குக்கும் கூடுதலாக விரியும். மூடிய பாத்திரம் ஒன்றில் பவுச்சை நீருக்குள் அழுத்தி வைத்து, நீருக்கு மேலே இருக்கும் காற்றைப் பம்பினால் சற்று உறிஞ்சிப் பாருங்கள். குமிழி வந்தால் ஒட்டுவதில் கோளாறு, வராவிட்டால் காற்றின் அளவைக் குறைப்பதே போதும். உதகைக்குப் போகும் சரக்கைத் தனியாக, சப்பையாகவே கட்டுங்கள்.

இதே காரணத்தால் இங்கே உறிஞ்சு கிண்ணங்களின் பிடிப்பும் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பட்டியல்களில் இருக்கும் பிடிப்பு அளவுகள் பொதுவாகக் கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டவை என்பதால், அடுக்கும் கைக்குக் கிண்ணம் வாங்கும்போது ஓர் அளவு பெரியதாகத் தேர்ந்தெடுங்கள். சுருக்கம் விழுந்த ஃபிலிமின் மேல் படிந்து பிடிக்க, மடிப்பு மடிப்பாக இருக்கும் மென்மையான சிலிக்கான் கிண்ணமே ஏற்றது.